நடு முடிச்சு

தொங்கிக்கொண்டிருக்கும் எதையும் என் மச்சானால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மடவளையில் ஒரு கலியாண வீடு. சோறு வைத்த ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, கை கழுவி, பிஸ்மி சொல்லப் போகிற நேரம். பந்தலின் ஓரத்தில் ஒரு கயிற்று நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மச்சான் எழுந்து போனார். கயிற்றை மடித்துக் கட்டி, முடிச்சைத் தடவிப் பார்த்து, மறுபடி கை கழுவிக்கொண்டு வந்து உட்காரும் வரை நாங்கள் ஐந்து பேரும் ஆட்டிறைச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கு அதில் வெட்கமே இல்லை. அந்தக் கயிறுதான் வெட்கப்பட வேண்டும் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

அவர் என் தங்கச்சியின் மாப்பிள்ளை. ஊர் அக்குறணை. பெயரை எழுதமாட்டேன். நான் கடைசியில் சொல்லப் போகிற விஷயத்துக்காக ஊரில் இன்றைக்கும் நாலு பேர் என்னோடு சண்டைக்கு வரக்கூடும். எனக்குக் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடை இருந்தது. மச்சான் கடைக்குள் வந்தால் முதலில் அளவு நாடாவைச் சுருட்டுவார், கத்தரிக்கோல் கட்டிய நூலை ஆணியில் மாட்டுவார், லாம்பு தொங்கும் கம்பியை இழுத்துப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் ஸலாம் சொல்லுவார். என் கடைப் பையன்கள் அவர் வருவதைக் கண்டால் சாரனின் கட்டைச் சரி செய்துகொள்வார்கள். எங்கே தங்களையும் பிடித்துக் கட்டிவிடுவாரோ என்ற பயம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு எதிர்மாறாக ஒரு தம்பி. சட்டையின் மேல் பொத்தானை அவன் போட்டு யாரும் கண்டதில்லை. சாரன் எப்போதும் அவிழப் போகிற மாதிரியே நிற்கும், ஆனால் அவிழாது. கழுத்தில் எது பட்டாலும் அவனுக்கு மூச்சு முட்டும்; பெருநாளுக்குத் தைத்த கோட்டைக் கூடத் தோளில் போட்டுக்கொண்டுதான் தொழப் போவான். கலியாணம் செய்யவில்லை. அண்ணனை அவன் நானா என்றுதான் கூப்பிடுவான். நானாவின் பட்டறையில் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்வதுதான் அவனுக்கு உலகம். வாப்பா இல்லாத பிள்ளை, மச்சான் தூக்கி வளர்த்தது. அவனைத் திட்டும்போது கூட மச்சானின் குரல் இறங்கித்தான் இருக்கும்.

இருவரும் சேர்ந்து ஒரு கார் செய்தார்கள். வாங்கவில்லை, செய்தார்கள். அந்தக் காலத்தில் கார் என்றால் துரைமாருக்கும் பெரிய பிரக்கிராசி வக்கீல்மாருக்கும் உரிய சாமான். அக்குறணையில் மிளகு காயவைக்கிற வளவில் ஒரு கொட்டிலைப் போட்டு, அதற்குள் இரண்டு பேர் கார் செய்கிறார்கள் என்றால் ஊர் சிரிக்காதா? நான்தான் முதலில் சிரித்தேன். மாத்தளை லொறி ஒன்றின் எஞ்சின், பலாப் பலகையில் கதவு, எங்கிருந்தோ வந்த நாலு சக்கரம். அதற்குக் 'கலவன்' என்று பெயர் வைத்ததும் நான்தான். மச்சான் கோபிக்கவில்லை. பெயர் நல்லாத்தானே இருக்கிறது என்று தம்பி அதைக் கதவில் எழுதியே விட்டான்.

அடிச்சட்டம் மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. ஒரு துரையின் எரிந்துபோன கார். அதைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். தேயிலைக்கு நடுவே கரி பிடித்துக் கிடந்தது. தோட்டத்துக் கங்காணி எங்களுக்கு இடத்தைக் காட்டினார்.

"தொரைக்கு ஒண்ணும் ஆகலீங்க. ஒரு கொழா கழண்டு சூட்டு மேல விழுந்துச்சு, அவ்வளவுதாங்க" என்றார்.

மச்சான் அந்தக் கரிக்குள் தலையைக் கொடுத்து நெடுநேரம் தேடினார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு செம்புக் குழாயைக் காட்டினார். பெற்றோல் போகும் குழாய். ஓரிடத்தில் இரும்பில் உரசி உரசி, நகத்தின் தடிப்புக்கு மெலிந்து, பிளந்திருந்தது. அது கழன்று விழவில்லை. கட்டவேண்டிய இடத்தில் யாரோ கட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

"ஒரு சாமானும் தானா உடையிறல்ல மச்சான். உரசி உரசித்தான் போற" என்றார்.

அன்றிலிருந்து கலவனில் எதுவும் எதிலும் உரசக்கூடாது என்பது அவருக்கு மார்க்கக் கடமை மாதிரி ஆகிவிட்டது. பொனட்டைத் திறந்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் ஒரு புடவைக் கடைக்காரனுக்கு மடிப்பின் ஒழுங்கு தெரியும். வயர்கள் எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே கட்டாகச் சட்டத்தின் ஓரத்தைப் பிடித்துப் போயின. பெற்றோல் குழாய் அவற்றைத் தொடாமல் மறுபக்கத்தால் போனது. தகட்டைத் துளைத்துப் போகிற இடங்களில் எல்லாம் தோலில் வளையம் வெட்டிப் போட்டிருந்தார். எஞ்சின் குலுங்கும் இடத்தில் மட்டும் றப்பர் குழாய்க்குக் கொஞ்சம் தளர்வு விட்டிருப்பார். மற்றபடி சாணுக்குச் சாண் ஒரு கட்டு.

கட்டுவதற்கு என் கடைத் துணி. வெள்ளைத் துணியின் கரைப் பக்கம் நெய்தது நெருக்கமாக இருக்கும், இழுத்தால் அறாது. அதை நாடா நாடாவாகக் கிழித்து, தேன்மெழுகில் தோய்த்துக் கட்டினார்கள். முடிச்சைத் தம்பி கொண்டுவந்தான். கட்டுகஸ்தோட்டையில் மகாவலிக் கரையில் ஆற்றைக் கடக்கிற மூங்கில் பாதை, அதாவது தெப்பம், கட்டுகிறவர்களிடம் பார்த்துப் பழகியது. நனைந்தால் இன்னும் இறுகும். மச்சான் அதைத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றி, சிறிதாக்கி, அழகாக்கி எடுத்துக்கொண்டார். கடைசியில் அவருடைய விரல்களுக்கு வேறு முடிச்சே தெரியாது என்ற அளவுக்கு வந்துவிட்டது.

முதல் ஓட்டத்துக்கு என்னை ஏற்றினார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டிக் கண்டிக்குப் போய், வாவியை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினோம். ஏறும்போது எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதிக்கொண்டேன். இறங்கும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. அந்தக் காரில் ஒரு கடகடப்பு இல்லை, ஓர் ஆட்டம் இல்லை. போகும் வழியெல்லாம் கேட்டது எஞ்சினின் முழக்கமும் பின்னால் உட்கார்ந்து தம்பி பாடிய பாட்டும்தான். மச்சான் வாய் திறக்காமல் சிரித்துக்கொண்டு ஓட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பிறகு அந்தப் பெரிய காய்ச்சல் வருடம் வந்தது. மழை பொய்த்து, ஆறு குட்டை குட்டையாகத் தேங்கி, வீட்டுக்கு வீடு நடுக்கம். கொய்னா மாத்திரைக்கு வரிசை. என் கடையில் வேறு துணி விற்கவில்லை. வெள்ளைத் துணி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. வாங்க வருகிறவரின் முகத்தைப் பார்க்காமல் அளந்து கொடுக்கப் பழகிக்கொண்டேன். ஒருநாள் மச்சான் வந்து நின்றார். அளவு நாடாவைச் சுருட்டவில்லை. தொங்கிய நூலைத் தொடவில்லை.

"தம்பிக்கு" என்றார்.

அவர்கள் வீட்டில் மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்ற வந்த லெப்பைக்கே காய்ச்சல். பற்கள் அடித்துக்கொள்ள, நடுங்கும் கையால் தலைமாட்டு முடிச்சையும் கால்மாட்டு முடிச்சையும் ஒரு மாதிரி போட்டார். அதற்கு மேல் முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நடு முடிச்சை நீங்களே போடுங்கள் என்று மச்சானுக்குச் சைகை காட்டினார். மச்சான் குனிந்து கட்டினார். அழவில்லை. வேலை செய்யும்போது எப்படி இருப்பாரோ அப்படியே இருந்தார்.

கபனின் கட்டுகள் வழிக்கு மட்டும்தான். கபுறுக்குள் வைத்ததும் அவற்றை அவிழ்த்துவிட வேண்டும். கட்டின்றி மனிதன் மண்ணில் கிடக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்று மையவாடியில் நாங்கள் போய்ச் சேரும்போது, மாதக்கணக்காக வராத மழை வந்தது. குழிக்குள் மச்சானும் நானும் இறங்கினோம். கால்மாட்டில் நான், மற்ற இரண்டு கட்டுக்கும் அவர். சுவர் இளகி விழத் தொடங்கியது, கீழே தண்ணீர் ஊறியது. வெளியே இன்னும் இரண்டு ஜனாஸாக்கள் காத்திருந்தன. நான் கால்மாட்டுக் கட்டை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது மச்சான் இன்னும் குனிந்தபடியே இருந்தார். மேலே இருந்து ஏறுங்கள், ஏறுங்கள் என்று சத்தம் போட்டார்கள். யாரோ அவர் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். நான் பலகைகளை வைத்துவிட்டுக் கடைசியாக ஏறினேன். மழை முகத்தில் அடித்தது. எதையும் நின்று பார்க்க நேரம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பயம் வரத் தொடங்கியது.

முதலில், கலவனின் பொனட்டைத் திறந்து ஒவ்வொரு கட்டாக வெட்டி எடுத்தார். குழாயும் வயரும் கண்டபடி தொங்கின. தொங்குவதைப் பார்த்துக்கொண்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஒருவாரம் கழித்து மறுபடி கட்டத் தொடங்கினார், அதே வெள்ளை நாடாவால். இந்தமுறை எல்லாம் சுருக்கு முடிச்சு. ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும். கட்டுவார், கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார், மறுபடி கட்டுவார். அந்த வெள்ளைக் கட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம், என் கடையில் எதற்காக அந்தத் துணி போய்க்கொண்டிருந்தது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

தங்கச்சி என் கடைக்கு வந்து அழுதது அதற்குப் பிறகு.

"நானா, பேசின்ல தண்ணி நெரப்பி வச்சிக்கிட்டு, குழாய் துண்டொண்ணுல துணியச் சுத்தி, அந்தப் பழைய முடிச்சப் போட்டு, தண்ணிக்குள்ளயே அவுக்கப் பாக்கிறார். விடிஞ்சா பொழுதுபட்டா இதே வேல. சோறு தின்றல்ல. கூப்பிட்டா திரும்புறல்ல. இவரும் போயிடுவார் நானா" என்றாள்.

நான் போய்க் கேட்டேன். பேசினுக்குள் இருந்து கையை எடுக்காமலே சொன்னார்.

"நடு முடிச்சு அவுரல்ல மச்சான். கை பழக்கத்தில நம்மட கார் முடிச்சையே போட்டுட்டேன். தண்ணி பட்டதும் இறுகிட்டு. தம்பிய கட்டினபடியே வச்சிட்டு வந்துட்டேன்."

அவர் விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. அவரைப் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் அழைத்துப் போனேன். ஆலிம்சா நல்ல மனிதர். முடிச்சை அவிழ்ப்பது சுன்னத்துத்தான், கட்டாயமில்லை, விடுபட்டால் குற்றமில்லை, துணியும் முடிச்சும் மண்ணுக்கு எத்தனை நாளைக்கு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். கபுறைத் தோண்டலாமா என்று மச்சான் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. அந்த வார்த்தையை இனி வாயில் எடுக்கவேண்டாம் என்று சொல்லி, தலையில் கை வைத்து ஓதி அனுப்பினார்.

திரும்பி வரும் வழியில் மச்சான், "ஆலிம்சா சரியாத்தான் செல்றார். ஆனா அவருக்கு என்ட தம்பியத் தெரியாதே" என்றார்.

கழுத்தில் ஒரு பொத்தான் பட்டாலே மூச்சு முட்டுகிறவன் என்பது எனக்கும் தெரியும்தானே.

நாளுக்கு நாள் அவர் மெலிந்தார். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகி, கொட்டிலை விட்டு வெளியே வருவதே இல்லை. ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு தங்கச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குழியில் இருந்து கடைசியாக ஏறினது நீங்கள்தானே, நீங்கள் அவிழ்த்ததாகச் சொல்லிவிடுங்கள் என்றாள். நான் யோசிக்கவே இல்லை. நேரே கொட்டிலுக்குப் போனேன். இதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை, மருந்து என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அதற்காக வருந்தமாட்டேன்.

"மச்சான், ஒண்டு செல்லணும். நீங்க ஏறின பொறகு, பலக வைக்க முந்தி, நடு முடிச்ச நான் அவுத்துட்டேன். அந்த நேரத்துக் கலக்கத்தில உங்களுக்குச் செல்ல மறந்துட்டேன்."

பேசினில் இருந்து கையை எடுத்தார். சாரனில் துடைத்துக்கொண்டார்.

"எப்பிடி அவுத்தீங்க?"

"இழுத்தேன். வந்துட்டு."

"எந்த நுனிய?"

நான் கொஞ்சமும் தடுமாறாமல், "வலப் பக்கத்து நுனிய" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய தோள் மெதுவாக இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்ப் பேசின் தண்ணீரை வளவில் ஊற்றினார். தங்கச்சியைக் கூப்பிட்டு, என்னைக் காட்டி, மச்சான் அவிழ்த்துவிட்டாராம் என்று சத்தமாகச் சொன்னார். குடிக்கப் பிளேன்டி கேட்டார். அன்று மத்தியானம் இரண்டாம் தடவையும் சோறு போடச் சொன்னார் என்று தங்கச்சி சாகும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கலவன் மறுபடி ஓடியது. சுருக்கு முடிச்சுகளால் கட்டிய கார், ஒரு நாளும் ஒரு குழாய் கூட அவிழவில்லை. அக்குறணைக் காய்ச்சல்காரர்கள் எத்தனையோ பேரைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஊர் அவரைத் தூக்கி வைத்துப் பேசியது. எனக்கும் என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமை. ஒரு சொல்லால் ஒரு மனிதரை மீட்டுவிட்டேன் என்ற நினைப்பு.

அந்த நினைப்பு ஒரு மாரிகாலம் வரைக்கும் நின்றது. ஒருநாள் பின்னேரம் நானும் அவரும் மட்டும் கண்டியிலிருந்து வந்துகொண்டிருந்தோம். வாவிக் கரையில் காரை நிறுத்தினார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"அந்த முடிச்சுக்கு நுனி இல்ல மச்சான். ரெண்டு பக்கத்தையும் நான்தான் ஒட்ட வெட்டினேன். தொங்கினா அழகில்லயேண்டு."

அவரே தொடர்ந்தார்.

"நீங்க செஞ்சது பெரிய உபகாரம். உங்கட தங்கச்சி இப்ப தின்றா, தூங்குறா. அத அவகிட்ட இருந்து பறிக்க வாணாம்."

அப்படியென்றால் அந்தக் கொட்டிலில், நான் வலப்பக்கம் என்று சொன்ன அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார், தெரிந்துகொண்டுதான் சோறு கேட்டார். அன்று மருந்து கொடுத்தவன் நானில்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் காரைக் கிளப்பிவிட்டார்.

அதன்பிறகு அவர் என்னோடு முன்னைவிட நெருக்கமாகப் பழகினார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. எல்லோர் முன்னும் சிரிப்பார், கலியாண வீடுகளில் கயிறு கட்டுவார், என் கடை நாடாவைச் சுருட்டுவார். மழை பெய்தால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். நானும் அவரைப் பார்ப்பேன். மழை விடும்வரைக்கும் அப்படியே இருப்போம். இந்த இரண்டு ஆம்பிளைகளுக்கும் மழையில் என்ன யோசனை என்று தங்கச்சி கேலி செய்வாள்.

அந்தக் காய்ச்சல் கடைசியில் அவரையும் பிடித்தது. வந்து வந்து போனது, மண்ணீரல் வீங்கியது, சில வருடங்களில் படுக்கையில் விழுந்தார். பார்க்கப் போனபோது தங்கச்சியை வெளியே அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"நடு முடிச்ச நீங்க கட்டுங்க மச்சான். உள்ளுக்கு வச்ச பொறகு அவுக்க வாணாம்."

நான் கோபப்பட்டேன். மார்க்கம் தெரியாதவர் மாதிரிப் பேசாதீர்கள், ஆலிம்சா சொன்னதெல்லாம் மறந்துவிட்டதா, தம்பி மண்ணோடு மண்ணாகி எவ்வளவு காலம் என்று திட்டினேன். திட்டத் திட்ட எனக்கே அழுகை வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் கட்டோட கெடக்கக்குள்ள, எனக்கு மட்டும் எதுக்கு?" என்றார்.

அவர் மௌத்தான நாள் நல்ல வெயில். மையவாடியில் யாரும் காத்திருக்கவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை, மண் காய்ந்து உறுதியாக இருந்தது. நான் குழிக்குள் இறங்கினேன். தலைமாட்டுக் கட்டை அவிழ்த்தேன், கால்மாட்டுக் கட்டை அவிழ்த்தேன். நடுக்கட்டு நான் போட்டது, சாதாரண முடிச்சு. இரண்டு நுனியும் நீளமாகக் கிடந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் போதும். பிடிக்கவும் செய்தேன். துணி விலகித் தெரிந்த அவருடைய முகத்தைப் பார்த்தேன், பக்கத்தில் தம்பியின் கபுறு இருந்த திசையைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு இருந்த பிரியத்தை இந்த வயதிலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நுனியை விட்டுவிட்டேன்.

"நடு முடிச்ச அவுத்தாச்சா?" என்று மேலே இருந்து லெப்பை கேட்டார்.

"அவுத்தாச்சு" என்று சொல்லிவிட்டு, பலகையை வாங்கக் கையை நீட்டினேன்.